மூக்கு சொன்னால் சரி

கப்பலில் அவரை எல்லோரும் மூக்கு என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்கும் முழியுமாக இருப்பார் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். சப்பை மூக்கு, அதுவும் இடது பக்கம் லேசாகக் கோணியது. ஆனால் அந்தக் கோணல் மூக்குக்குப் பயந்துதான் மூவாயிரம் பயணிகள் அறைக்குள் தீப்பெட்டியைத் தொடாமல் இருந்தார்கள்.

எட்டு, ஒன்பது, பத்து ஆகிய மூன்று தளங்களில் அறைகளைச் சுத்தம் செய்பவர்களுக்கு அவர் மேற்பார்வையாளர். அறையிலும் பால்கனியிலும் சிகரெட் கூடாது, பிடித்தால் அபராதம் என்பது அந்தக் கப்பலின் பழைய விதி. விதி எழுதுவது சுலபம். பிடித்தார்களா இல்லையா என்று யார் சொல்வது? கேட்டால் எந்தப் பயணியும் ஒப்புக்கொள்ள மாட்டார். போர்வையிலேயே நாறும், பக்கத்து அறைக்காரர் மேல் பழியைப் போடுவார். அதனால் சந்தேகம் வந்தால் மூக்கைக் கூப்பிடுவார்கள். அவர் உள்ளே வந்து, கதவைச் சாத்தி, கண்ணை மூடி, மூன்று தடவை மூச்சை இழுப்பார். "பிடிச்சிருக்காங்க" என்பார், இல்லாவிட்டால் "இல்ல" என்பார். அதோடு பஞ்சாயத்து முடிந்தது. மூக்கு சொன்னால் சரி.

ஒருமுறை ஒரு பயணி குளியலறையில் பிடித்துவிட்டு, ஷவரைத் திறந்துவிட்டு, சென்ட் அடித்து, போதாததற்கு ஆரஞ்சுத் தோலை அறை முழுக்கப் பரப்பி வைத்திருந்தார். மூக்கு மூன்று மூச்சு இழுத்துவிட்டு, "காலையில ரெண்டு, இப்ப ஒண்ணு. ஆரஞ்சு நல்ல ஆரஞ்சு சார்" என்றார். அந்த மனிதர் வாயடைத்துப்போய் அபராதத்தையும் கட்டி, மூக்கோடு நின்று ஒரு படமும் எடுத்துக்கொண்டு போனார்.

இதெல்லாம் நாலு மாதத்துக்கு முந்தைய கதை.

நாலு மாதத்துக்கு முன் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. கப்பலில் பாதிப் பேருக்கு வந்த அதே காய்ச்சல்தான். மூன்று நாளில் காய்ச்சல் போனது, ஒரு வாரத்தில் சளி போனது, போகும்போது வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. முதலில் காபி வெறும் சுடுதண்ணீராகப் பட்டது. சரி, சமையலறையில் எவனோ தூளில் கை வைத்துவிட்டான் என்று நினைத்தார். பிறகு ஒருநாள் சலவைக்கூடத்தில் இஸ்திரிப் பெட்டிக்கடியில் ஒரு சட்டை கருகி, அங்கிருந்த ஏழு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள். மூக்கு மட்டும் அங்கேயே நின்று துண்டு எண்ணிக்கொண்டிருந்தார். "பாருய்யா, எந்த நாத்தத்துக்கும் அசர மாட்டார்" என்று ஒருவர் பாராட்டியபோதுதான் அவருக்கு விஷயமே புரிந்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று காத்திருந்தார். ஒவ்வொரு காலையும் பல் தேய்ப்பதற்கு முன் சோப்பை முகர்வார், ஷூவை முகர்வார், தலையணையை முகர்வார். ஒன்றுமில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மூக்கு இல்லாத மூக்கை மேற்பார்வையாளராக வைத்திருக்க யாருக்கும் தலையெழுத்து இல்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் தள்ளிக்கொண்டிருந்த துணி வண்டியை மறுபடி தள்ள வேண்டும். வண்டியாவது போகட்டும், பெயர் போய்விடுமே! கப்பலின் கேப்டனே மாடிப்படியில் பார்த்தால் "என்ன மூக்கு, சௌக்கியமா?" என்று கேட்கிற பெயர் அது.

எனவே கண்ணை வைத்துச் சமாளித்தார். கதவுக்கடியில் ஈரத் துண்டு கிடக்கிறதா, தண்ணீர்க் கிளாஸின் அடியில் சாம்பல் படிந்திருக்கிறதா, கூரையில் இருக்கும், புகை பட்டால் கத்தும் கருவிக்குக் குளியல் தொப்பியை மாட்டிவிட்டுக் கழற்றிய சுவடு தெரிகிறதா என்று பார்ப்பார். கூப்பிட்டவரின் முகத்தையும் பார்ப்பார். முகம் சுளித்திருந்தால் "பிடிச்சிருக்காங்க". எதுவும் பிடிபடாவிட்டால் "இல்ல". நிரபராதி மேல் அபராதம் போட அவருக்கு மனசு வரவில்லை. ஆக, பூசி மெழுகிக்கொண்டு நாலு மாதம் ஓட்டிவிட்டார்.

அந்தக் கப்பலிலேயே சலவைக்கூடத்தில் அவருடைய மச்சான் வேலை பார்த்தார், மனைவியின் அண்ணன். இரண்டாவது தளத்தில், சன்னல் இல்லாத கூடத்தில், ஒரு நாளைக்கு ஆயிரம் படுக்கை விரிப்பு மடிப்பவர். முப்பது வருடம் சிகரெட் பிடித்தவர். இரண்டு வருடத்துக்கு முன் டாக்டர் படத்தை விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டி, "பாதி நுரையீரல் போயாச்சு. மிச்சத்தையாவது வச்சுக்கறீங்களா?" என்று கேட்டார். மச்சான் அன்றே விட்டார். ஆனாலும் தங்கைக்கு நம்பிக்கை இல்லை. மறுபடி கப்பல் ஏறும்போது புருஷனைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னங்க, உங்க மூக்கை நம்பித்தான் அண்ணனை அனுப்புறேன். ஒரு இழுப்பு இழுத்தாலும் உங்களுக்குத் தெரியாம இருக்காது" என்றாள்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு, தேநீர் இடைவேளையில், இரண்டு பேருக்கும் ஒரு சடங்கு உண்டு. மச்சான் கைலியை இறுக்குவதுபோல் இடுப்பு ஏப்ரனை இறுக்கிக்கொண்டு மூக்கின் முன்னால் வந்து நிற்பார். "பாத்துக்கங்க மாப்ள" என்று சொல்லி முகத்தில் ஹா என்று ஒரு மூச்சு விடுவார். மூக்கு கண்ணை மூடி இழுத்துப் பார்த்து, "சுத்தம்" என்பார். பிறகு இருவரும் தேநீர் குடிப்பார்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். ஒன்றரை வருடத்துக்கு மேல் மச்சானின் வாயில் ஏலக்காயும் தேநீரும் தவிர வேறொன்றும் மணக்கவில்லை.

மூக்கு செத்த பிறகும் அந்தச் சடங்கை அவர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஏன் என்று கேட்பாரே! மச்சான் ஹா என்பார், மூக்கு கண்ணை மூடுவார், "சுத்தம்" என்பார். ஒன்றரை வருடம் ஒழுங்காக இருந்த மனுஷன், இனிமேலா கெட்டுப்போகப் போகிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இப்படி இருக்கும்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. அடுத்த பதினான்கு நாள் பயணம் முழுக்கக் கப்பலில் புகையே கூடாது. அறையில் மட்டுமல்ல, எங்குமே. பயணிகளுக்கென்று இருந்த புகைக்கூடம் மூடப்படும். ஊழியர்கள் பிடிப்பதற்கென்று நாலாவது தளத்தின் பின்கோடியில் இருந்த திறந்த மூலையும் மூடப்படும். இது ஒரு சோதனை. சரிப்பட்டு வந்தால் கம்பெனியின் எல்லாக் கப்பல்களிலும் நிரந்தரமாக்கிவிடுவார்கள்.

கப்பலின் விடுதிப் பகுதி முழுக்க ஹோட்டல் மேனேஜர் அம்மாவின் பொறுப்பு. அவர் ஊழியர் சாப்பாட்டுக்கூடத்தில் எல்லோரையும் கூட்டி விஷயத்தைச் சொன்னார். சொன்னதுதான் தாமதம், சந்தைக்கடை ஆகிவிட்டது.

தீ, விபத்து எல்லாவற்றுக்கும் பதில் சொல்லவேண்டிய பாதுகாப்பு அதிகாரி முதலில் எழுந்தார். "மேடம், ஒரு இடம் கொடுத்தீங்கன்னா அங்க நின்னு பிடிப்பான். நமக்கும் தெரியும், பக்கத்துல மணல் தொட்டி இருக்கும். இடமே இல்லன்னா விட்டுடுவான்னு நினைக்கறீங்களா? போர்வைக்குள்ள பிடிப்பான். கடல் நடுவுல தீப்பிடிச்சா எங்க ஓடுறது?"

புகைக்கூடத்து மது பாரில் ஆறு வருடமாகப் பரிமாறும் பெண்ணைப் பார் அக்கா என்பார்கள். அவர் உட்கார்ந்தபடியே பேசினார். "நான் வாழ்க்கையில ஒரு சிகரெட் தொட்டதில்ல சார். ஆனா என் இருமலைக் கேட்டவங்க ஒரு நாளைக்கு நாலு பாக்கெட்னு சொல்வாங்க. உங்க மணல் தொட்டி என் நெஞ்சுக்குள்ள இல்லையே." பாதுகாப்பு அதிகாரி உட்கார்ந்துவிட்டார்.

மேனேஜர் மேசையைத் தட்டினார். "வாதம் பண்ணி முடியாது. பண்ணிப் பாத்துடுவோம். ஒளிச்சுப் பிடிக்கறாங்களா இல்லையான்னு நமக்குச் சொல்ல ஆள் இருக்கு." என்று சொல்லிவிட்டு எல்லோரையும் தாண்டி மூக்கைப் பார்த்தார். "மூணு தளம் இல்ல, இந்தத் தடவை கப்பல் முழுக்க உங்க பொறுப்பு. தினமும் சாயங்காலம் எனக்கு ஒரு வரி எழுதிக் கொடுங்க, அது போதும்." கூடம் கைதட்டியது. எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவர் மச்சான். மூக்கு கையெடுத்துக் கும்பிட்டார். வேறு என்ன செய்வது? சொல்வதற்கு இருந்த நல்ல நேரம் அதுதான், அதையும் கோட்டை விட்டார்.

பயணம் தொடங்கியது. புகைக்கூடத்தில் தொட்டிச்செடியும் நாற்காலியும் போட்டு வாசிப்பறை ஆக்கினார்கள். செடி மூன்றாம் நாளே வாடிவிட்டது. சுவரில் ஊறியிருந்த புகையாகத்தான் இருக்கும் என்று பார் அக்கா சொன்னார். பின்கோடி மூலையின் மணல் தொட்டிகளை எடுத்துவிட்டுச் சங்கிலி கட்டினார்கள். மூக்கு காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று என்று பதினைந்து தளமும் ஏறி இறங்கினார். ஒவ்வொரு வாசலிலும் கண்ணை மூடி மூன்று மூச்சு இழுத்தார். முதல் நாள் எழுதினார்: "புகை மணம் இல்லை." இரண்டாம் நாள்: "புகை மணம் இல்லை."

இதுவரை கை கொடுத்த கண்ணும் இப்போது கைவிட்டது. இடம் இருந்தவரை அலட்சியமாகப் பிடித்தவர்கள் எல்லாம் இப்போது தேர்ந்த களவாணிகள் ஆகிவிட்டார்கள். ஈரத் துண்டு இல்லை, சாம்பல் இல்லை, ஒரு சுவடும் இல்லை. ஒன்பதாவது தளத்தில் சுத்தம் செய்யும் பெண்மணி ஒருநாள், "எனக்கு என்னமோ சந்தேகமா இருக்கு சார்" என்று அவரை ஓர் அறைக்குக் கூட்டிப்போனார். அவர் மூன்று மூச்சு இழுத்து, "இல்லம்மா" என்றார். அந்தப் பெண்மணி, "அப்ப என் மூக்குலதான் கோளாறு" என்று தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். அன்று அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எப்படியும் சாப்பாட்டில் ருசி இல்லை என்பது வேறு விஷயம்.

பத்தாம் நாள் மேனேஜர் வழியில் நிறுத்தி, "ஒரு கேஸ்கூட இல்லையே! தலைமை அலுவலகத்துல நம்பவே மாட்டேங்கறாங்க" என்று பூரித்துப் போனார். பத்து நாள் அறிக்கையை அன்றே அனுப்பியும் விட்டார். அவரே எதிர்பார்க்காத ஒரு சங்கதி என்னவென்றால், பார் அக்காவின் இருமல் பாதியாகக் குறைந்துவிட்டது. மாடிப்படியில் நிற்காமல் ஏறுகிறேன் என்று அவர் எல்லோருக்கும் ஏறிக் காட்டினார்.

பன்னிரண்டாம் நாள் நாலு மணிக்கு மூக்கு இரண்டாவது தளத்துக்குப் போனபோது மச்சான் கூடத்தில் இல்லை. பக்கத்தில் அழுக்குத் துணி மூட்டைகளை அடுக்கும் அறையின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. அவர் கொஞ்சம் படபடப்பாக இருந்ததுபோல் தெரிந்தது. வேலை ஜாஸ்தி போலிருக்கிறது என்று மூக்கு நினைத்தார்.

"பாத்துக்கங்க மாப்ள" என்றார் மச்சான். ஹா.

மூக்கு கண்ணை மூடினார். மூடியபடியே, மாலைச் சுற்றில் இன்னும் எத்தனை தளம் பாக்கி என்று கணக்குப் போட்டார். "சுத்தம்" என்றார்.

மச்சான் அவர் தோளைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார். கண் கலங்கியிருந்தது. "உங்களை மாதிரி ஒரு மாப்பிள்ளை யாருக்குக் கிடைக்கும்?" என்றார். இதில் கண் கலங்க என்ன இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே மூக்கு இரண்டு நிமிடம் அங்கேயே நின்று, ஊரிலிருந்து மனைவியின் போன் வந்ததைப் பற்றிப் பேசிவிட்டு மேலே போனார்.

கால் மணி நேரத்தில் மணி அலறியது.

சரியாக அணையாத சிகரெட் விழுந்த துணி மூட்டை ஒன்று உள்ளுக்குள்ளேயே கனன்று, மச்சான் அதை இழுத்துப் பிரித்தபோது குப்பென்று பற்றிக்கொண்டது. ஆளைக் கூப்பிட்டால் குட்டு உடைந்துவிடும் என்று பயந்து, கதவைச் சாத்திக்கொண்டு ஈர விரிப்பால் அவரே அடித்து அணைக்கப் பார்த்தார். கூரையில் இருந்த புகைக்கருவி கத்தவில்லை. அதற்குக் குளியல் தொப்பி மாட்டியிருந்தது. கதவுக்கடியில் புகை வருவதைப் பக்கத்தில் இருந்தவர் பார்த்து மணியை அடித்ததால் ஒன்பது நிமிடத்தில் அணைத்தார்கள். எரிந்தது ஐந்து மூட்டைத் துண்டுதான். ஆனால் மிச்சமிருந்த பாதி நுரையீரலில் மச்சான் என்னத்தையெல்லாம் இழுத்தாரோ, தூக்கிக்கொண்டுதான் போனார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மேனேஜரின் அறையில் மூன்று பேர் உட்கார்ந்தார்கள்: மேனேஜர், பாதுகாப்பு அதிகாரி, மூக்கு. மேசையில் இரண்டு பிளாஸ்டிக் பைகள். ஒன்றில் தீயில் கருகிய மூட்டையிலிருந்து எடுத்த துண்டு. பாதுகாப்பு அதிகாரி சாட்சிக்காக எடுத்து வைத்திருந்தார். இன்னொன்றில் வெளுத்த துண்டு, ஒப்பிட்டுப் பார்க்க. இரண்டையும் வெள்ளைக் காகிதத்தில் சுற்றியிருந்தார்கள்.

"கேமராவில பாத்தேன்" என்றார் பாதுகாப்பு அதிகாரி. "மூட்டை உள்ள புகைஞ்சிட்டிருக்கு. நீங்க வாசல்ல மூணு நிமிஷம் நிக்கறீங்க. உங்க மச்சான் உங்க மூஞ்சிலயே ஊதறார். நீங்க என்னமோ சொல்லிட்டுப் போறீங்க. ஆரஞ்சு வாசனையில சிகரெட்டை எண்ணின ஆளு நீங்க."

மூக்கு மேசைமேல் இருந்த பைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் கொஞ்சம் இதமாகப் பேசினார். "உங்க மச்சான் எல்லாம் சொல்லிட்டார். நாலு மாசமா பிடிக்கறாராம். முதல் தடவை பிடிச்ச அன்னைக்கு உங்ககிட்ட வந்து நடுங்கிக்கிட்டே ஊதினாராம். நீங்க சுத்தம்னு சொன்னீங்களாம். அன்னைக்கே புரிஞ்சுடுச்சாம், மாப்பிள்ளை நமக்காகப் பொறுத்துக்கறார்னு. பின்கோடி மூலையில எல்லார் முன்னாலயும்தான் நின்னு பிடிச்சிருக்கார். யாரும் உங்ககிட்ட வந்து சொல்லல. உங்களுக்குத் தெரியாம இருக்குமான்னு விட்டுட்டாங்க. அந்த மூலையை நாம மூடினதும் துணி அறைக்குப் போயிருக்கார்." அவர் ஒரு காகிதத்தை நகர்த்தினார். "பாசம்தான், எனக்குப் புரியுது. மச்சான்னு பாத்து சும்மா இருந்துட்டேன்னு ஒரு வரி எழுதிக் கொடுங்க. ஒரு எச்சரிக்கையோட போயிடும். பயணிகள் அறை அறிக்கை தனி, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. அது நமக்கு ரொம்ப முக்கியம்."

எவ்வளவு வசதியான வழி! ஒரு வரி. பெயரும் நிற்கும், வேலையும் நிற்கும். மச்சான் மேல் உயிரையே வைத்திருக்கும் மாப்பிள்ளை என்ற நல்ல பெயர் வேறு இலவசம். மூக்கு பேனாவை எடுத்தார். ம, ச் என்று இரண்டு எழுத்தும் எழுதிவிட்டார்.

"அடுத்த வருஷம் எட்டுக் கப்பலும் புகையில்லாக் கப்பல்" என்று மேனேஜர் பேசிக்கொண்டே போனார். "தீக்காவலுக்கே உங்களைத்தான் கேக்கறாங்க. கருவியை விட இந்த மூக்கு மேல்னு சொல்றாங்க."

பேனா நின்றது. எட்டுக் கப்பல், ஒவ்வொன்றிலும் மூவாயிரம் பேர். எல்லோரும் அவர் காவலுக்கு இருக்கிறார் என்று தூங்குவார்கள். அவர் புகைகிற மூட்டைக்குப் பக்கத்தில் நின்று போன் கதை பேசிக்கொண்டிருப்பார். அவருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"மேடம்" என்றார். "எனக்கு மூக்கு இல்ல."

பாதுகாப்பு அதிகாரி சிரித்தார். "நல்ல சாக்கு."

"நாலு மாசமா ஒரு மணமும் தெரியாது. காய்ச்சல்ல போச்சு. மச்சான் பிடிச்சதும் தெரியாது, மூட்டை புகைஞ்சதும் தெரியாது."

மேனேஜர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு பைகளையும் திறந்து ஒவ்வொன்றாக அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். கருகிய துண்டின் நாற்றத்தில் பாதுகாப்பு அதிகாரி நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். மூக்கு மூன்று மூச்சு இழுத்தார். நாலாவதும் இழுத்தார். எங்கேயாவது ஒரு பொட்டு மிச்சம் இருக்காதா என்று அப்போதும் ஓர் ஆசை.

"எது எரிஞ்ச துண்டு?"

"ரெண்டும் எனக்கு ஒண்ணுதான் மேடம்."

மேனேஜர் பைகளைக் கட்டினார். கட்டி முடிக்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. "அப்ப பன்னிரண்டு நாளா நீங்க எழுதின அறிக்கை?"

"புகை மணம் இல்லைன்னு எழுதினேன். எனக்கு மணம் இல்லதான்."

"அடப்பாவி மனுஷா!" என்றார் மேனேஜர். அதிகாரி என்ற நினைப்பே அப்போது அவருக்கு இல்லை. "அதை நான் அனுப்பிட்டேனே!"

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் பாதுகாப்பு அதிகாரி. "மூலையை மூடாதீங்கன்னு."

"பார் அக்காவோட இருமல் பாதியாக் குறைஞ்சிருக்கு. அதுவும் பொய்யா?"

"அது பொய்யில்ல."

"அப்ப நான் தலைமை அலுவலகத்துக்கு என்ன எழுதறது? வேணும்னா, வேணாம்னா?"

அவர் பாதுகாப்பு அதிகாரியைப் பார்த்துத்தான் கேட்டார். மூக்கிடம் யாரும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் அந்த விஷயத்தில் அவரைக் கேட்காமல் விட்டது அதுதான் முதல் தடவை. மேற்பார்வை வேலை அன்றோடு முடிந்தது, கரை சேர்ந்ததும் மற்றதை முடிவு செய்வோம் என்றார்கள். அவர் எழுந்தபோது மேனேஜர் கூப்பிட்டார்.

"உங்க மச்சானுக்கு நீங்களே சொல்லிடுங்க. நாளைக்கு அவரைக் கரையில ஆஸ்பத்திரியில சேர்க்கறோம். உங்களைப் பத்தி அவ்வளவு பெருமையாப் பேசினார் மனுஷன். வேற யார் சொன்னாலும் நம்ப மாட்டார்."

மருத்துவ அறை முதல் தளத்தில் இருந்தது. மூக்கு அங்கே போகச் சாயங்காலம் ஆகிவிட்டது. மச்சான் தலையணை மேல் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். மூக்கில் குழாய், கையில் கட்டு. மாப்பிள்ளையைப் பார்த்ததும் கண்ணைச் சிமிட்டினார். "ஒண்ணும் கவலைப்படாதீங்க. உங்க மேல ஒரு தப்பும் வராம சொல்லிட்டேன். எனக்காகத்தான் பொறுத்துக்கிட்டார்னு" என்று மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னார்.

மூக்கு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். சுற்றி வளைக்கத் தெரியாத மனிதர் இல்லை. நாலு மாதமாக அதைத்தானே செய்தார். ஆனால் இப்போது வரவில்லை. "மச்சான், எனக்கு வாசனையே தெரியாது. அந்தக் காய்ச்சல்லேருந்து. நான் தெரிஞ்சு சொல்லல. சும்மா சொன்னேன்" என்றார்.

மச்சான் முதலில் சிரித்தார். பிறகு மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"தினமுமா?"

"தினமும்."

"நான் தினமும் பயந்துக்கிட்டுத்தான் வருவேன் மாப்ள" என்றார் மச்சான். குரலில் கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "இன்னைக்காவது திட்டுவார், நாளைக்காவது திட்டுவார்னு பாப்பேன். ஒரு நாள் திட்டியிருந்தா விட்டிருப்பேன். இவ்வளவு பாசமா இருக்காரே, இவர் மனசை நோகடிக்கக் கூடாதுன்னு ஒரு தடவை நானே ரெண்டு நாள் விட்டேன். ரெண்டு நாளும் சுத்தம்னுதான் சொன்னீங்க. பிடிச்சாலும் சுத்தம், பிடிக்காட்டியும் சுத்தம். அப்புறம் எதுக்கு விடணும்னு தோணிப்போச்சு."

மூக்கு தலையைக் குனிந்துகொண்டார். அழுதார். பன்னிரண்டு வருடத்தில் கப்பலில் அவர் அழுது யாரும் பார்த்ததில்லை. மருந்து கொண்டுவந்த நர்ஸ் வாசலிலேயே நின்று திரும்பிப் போனார்.

மேலே எங்கோ நாலு மணித் தேநீருக்கான மணி அடித்தது. மச்சான் கட்டுப் போட்ட கையால் மெல்ல மூக்குக் குழாயை விலக்கினார். முழங்கையை ஊன்றி நிமிர்ந்து, மாப்பிள்ளையின் முகத்துக்கு நேரே வந்தார். நெஞ்சில் இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஹா என்று விட்டார். ரொம்பக் கொஞ்சமாகத்தான் வந்தது.

"பாத்துச் சொல்லுங்க" என்றார்.

மூக்கு கண்ணை மூடவில்லை. இழுத்தும் பார்க்கவில்லை.

"தெரியல மச்சான்" என்றார்.

மச்சான் தலையாட்டிவிட்டுச் சாய்ந்துகொண்டார். மூக்கு அந்தக் குழாயை எடுத்து அவருக்குச் சரியாகப் பொருத்திவிட்டு, மேலே போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.